தூங்க இடம் கொடு. பிறகு அபராதம் போடு!

"தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டு!"

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. போக்குவரத்துப் போலீசாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

சரி, எங்கே ஓரங்கட்டுவது?

லாரி டிரைவர் கேட்கும் இந்தக் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் வருவதில்லை. ரோட்டோரம் நிறுத்தினால் அபராதம். நிறுத்தாமல் ஓட்டினால் ஆபத்து. கம்பெனி வாசலில் நிறுத்தினால் வாட்ச்மேன் விரட்டுகிறார். பெட்ரோல் பங்கில் ஒதுங்கினால், "டீசல் போட்டாச்சா? வண்டியை எடு, பின்னாடி ஆள் நிக்குது" என்கிறார்கள்.

கடைசியில் அவர் போய்ச் சேரும் இடம் எது? வெளிவட்டச் சாலையின் ஓரம். விளக்கு இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுகிறார். அவர் தூங்குகிறார். பின்னால் வருகிறவனுக்கு எமன் விழித்திருக்கிறான்!

திருமுடிவாக்கத்தின் இரவு

திருமுடிவாக்கம் என்றால் சிட்கோ தொழிற்பேட்டை. லேத் பட்டறை, பிரஸ் கடை, பிளாஸ்டிக் வார்ப்பு, கார் உதிரிபாகம் என்று பகல் முழுக்க இரும்புச் சத்தம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் பக்கத்திலிருந்து பஸ்சிலும் பைக்கிலும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள்.

ஆள் வருவது பகலில். சரக்கு வருவது பெரும்பாலும் இரவில்.

இடமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒரு பக்கம் தாம்பரம்-மதுரவாயல் பைபாஸ். மறுபக்கம் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோ மீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை. இதில் வண்டலூர்-நெமிலிச்சேரி பகுதி 2014-ல் திறக்கப்பட்டது. மீஞ்சூர் வரையிலான மிச்சப் பகுதி 2021-ல் திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து தகடு ஏற்றி வந்தாலும், கோவையிலிருந்து வார்ப்பு ஏற்றி வந்தாலும், ஊருக்குள் நுழையாமலே தொழிற்பேட்டைக்கு வந்துவிடலாம்.

வரலாம். ஆனால் வந்து என்ன செய்வது?

லாரி வந்து சேருவது இரவு இரண்டு மணி. கம்பெனி கேட் திறப்பது காலை எட்டரை அல்லது ஒன்பது. ஸ்டோர்கீப்பர் வந்து, பில்லைப் பார்த்து, "கிரேன் ஆளு இன்னும் வரலை, கொஞ்சம் வெயிட் பண்ணுப்பா" என்று சொல்லும்போது பத்து மணி ஆகிவிடும். இந்த எட்டு மணி நேரமும் டிரைவருக்குப் படுக்கை எது? வண்டியின் சீட்தான். குளியலறை? தண்ணீர் கேன். கழிப்பிடம்? அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

வண்டியை விட்டு இறங்கி வேறெங்காவது போய்ப் படுக்கவும் முடியாது. டீசலை உறிஞ்ச ஒரு கூட்டம் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றவும், தார்ப்பாயைக் கிழிக்கவும் ஆள் இருக்கிறது. சரக்கு குறைந்தால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு கண் தூங்க, ஒரு கண் காவல். அதற்குப் பெயர் தூக்கமா?

ஒரே வாரத்தில் இரண்டு!

ரோட்டோர ஓய்வு எப்படி உயிரைக் குடிக்கிறது என்பதைத் தமிழ்நாடு 2023 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தது.

செப்டம்பர் 6. சேலம் மாவட்டம் சங்ககிரி அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. விடிவதற்கு முன்பு வேகமாக வந்த ஆம்னி வேன் அதன் பின்புறத்தில் மோதி அப்பளம் போல் நொறுங்கியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் பலி. அதில் ஒன்று, ஒரு வயதுக் குழந்தை.

அந்தச் சோகம் ஆறுவதற்குள் செப்டம்பர் 11. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, தர்மஸ்தலா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலா வேனுக்கு டயர் பஞ்சர். வேனை ஓரமாக நிறுத்தினார்கள். பயணிகள் இறங்கி, வேனுக்கு முன்னால் சாலை நடுத்திட்டுப் பக்கம் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோத, வேன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பாய்ந்தது. 7 பெண்கள் அந்த இடத்திலேயே பறிபோனார்கள்.

முதல் விபத்தில் நின்ற வண்டி எமனானது. இரண்டாவதில் நின்ற வண்டியை நம்பி உட்கார்ந்தவர்கள் பலியானார்கள். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். வேகமாக வண்டி ஓடும் சாலையின் ஓரம் ஓய்வு எடுக்கும் இடமே அல்ல. அப்படியானால் ஓய்வு எடுக்கும் இடம் எது என்று காட்ட வேண்டியது சாலை போட்டவர்களின் பொறுப்பு.

17 மணி நேரக் கணக்கு

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பார்கள். தூக்கத்துக்குப் பாய் வேண்டாம், தலையணை வேண்டாம். ஸ்டீயரிங் மேலேயே வந்துவிடும்.

குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் இந்தியச் சட்டப்படி வழக்கு. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்தவர்கள் 2000-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறியது. சில சோதனைகளில் அதைவிட மோசம்!

அதாவது, ஒரு சொட்டுகூடத் தொடாத டிரைவர், தூங்காத ஒரே காரணத்தால், நம் ஊர்ச் சட்டத்தின் எல்லையைத் தாண்டிய குடிகாரருக்குச் சமமாகிறார். ஆனால் அவரை ஊதச் சொன்னால் கருவியில் ஒன்றும் காட்டாது. "போகலாம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

கண் செருகுவது நான்கு விநாடிதான். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த நான்கு விநாடியில் ஏறக்குறைய 90 மீட்டர் ஓடிவிடும். அந்தத் தூரம் முழுக்க வண்டியை ஓட்டுவது யார்? யாருமில்லை!

இரவு இரண்டு மணி முதல் விடியும் வரை, பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு இரண்டு மணி நேரம், உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும். எவ்வளவு கைதேர்ந்த டிரைவராக இருந்தாலும் இதற்கு விலக்கு கிடையாது. "இருபது வருஷ சர்வீசு, எனக்கெல்லாம் தூக்கம் வராது" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

கிளீனர் எங்கே போனார்?

அந்தக் காலத்து லாரியில் டிரைவர் தனியாக வரமாட்டார். பக்கத்தில் கிளீனர் இருப்பார். பேச்சுக் கொடுப்பார். வெற்றிலை மடித்துக் கொடுப்பார். டிரைவர் தூங்கினால் வண்டியைக் காவல் காப்பார்.

நேஷனல் பர்மிட் லாரிகளுக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும், ஒருவர் ஓட்ட மற்றவர் படுக்க வசதி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொன்னது. 2018-ல் இந்த இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை, கட்டுப்படியாகவில்லை என்பது லாரிக்காரர்கள் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டாவது ஆளை இறக்கிவிட்ட பிறகு, முதல் ஆள் தூங்க ஒரு இடம் செய்தார்களா? அதுதான் கேள்வி.

சட்டத்தில் இல்லாமலும் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. நெடுந்தூர வண்டிகளுக்கு 10 மணி நேரம் வரை விட்டுக்கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, நடுவில் அரை மணி நேரம் ஓய்வு கொடு என்றது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 9 மணி நேரம் விடு என்றது. ராத்தங்கல் போடும் ஊரில் ஓய்வு அறை கொடுப்பது முதலாளி பொறுப்பு என்றும் எழுதி வைத்தது.

எழுத்து அழகாக இருந்தது. டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று பேசி ஓட்டும் டிரைவரிடம் மணிக்கணக்கை யார் கேட்டார்கள்? சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த லோடு. தூங்கினால் அடுத்த லோடு அடுத்தவனுக்கு. அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-ல் வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. 8 மணி நேரக் கணக்கு அதிலும் இருக்கிறது. சட்டம் பெயர் மாறிவிட்டது. டிரைவரின் படுக்கை மாறவில்லை. அதே சீட்தான்!

முகம் கழுவினால் தீருமா?

நெடுஞ்சாலைகளில் இரவு நேரத்தில் போலீசார் லாரிகளை நிறுத்தி, டிரைவரை இறங்கச் சொல்லி, முகம் கழுவ வைத்து, சில இடங்களில் டீயும் கொடுத்து அனுப்பிய திட்டம் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நடந்தது. நல்ல எண்ணம். போலீசார் கையில் டீ வாங்கிக் குடித்த டிரைவர்கள் மனசு குளிர்ந்துதான் போயிருப்பார்கள்.

ஆனால் தண்ணீர் முகத்தைத்தான் கழுவும். தூக்கத்தைக் கழுவாது. கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, மிளகாயைக் கடிப்பது எல்லாமே கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். "நிறுத்து, கழுவு, போ" என்பது "நிறுத்து, தூங்கு, போ" என்று மாற வேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

ஐரோப்பாவில் லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டியவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க, தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். அங்கேயும் லாரி நிறுத்த இடம் போதவில்லை என்று கூக்குரல் உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் என்று யாராவது கணக்குப் பார்க்கிறார்கள்.

இங்கே மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. எண்ணெய் நிறுவனங்களும் "அப்னா கர்" என்ற பெயரில் பெட்ரோல் பங்குகளில் டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டின. 2025 ஜூலைக் கணக்குப்படி நாடு முழுவதும் 368 இடங்கள், 4,611 படுக்கைகள். ஒரு இடத்துக்குச் சராசரி பன்னிரண்டு, பதின்மூன்று கட்டில். இந்தியா முழுக்க ஓடும் லாரிகளுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி!

நிலம் இருக்கிறது, மனம் இருக்கிறதா?

"சென்னையில் நிலம் தங்கம் விலை. லாரிக்கு எங்கே இடம்?" என்று கேட்பார்கள்.

வெளிவட்டச் சாலைக்கு எடுத்த நிலத்தின் அகலம் 122 மீட்டர். அதில் சாலைக்கும், சர்வீஸ் ரோட்டுக்கும், வருங்கால ரெயிலுக்கும் போக, 50 மீட்டர் அகலம் வளர்ச்சிப் பணிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 62 கிலோ மீட்டர் நீளத்துக்குத் திட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். வணிக வளாகம் வரட்டும், ஆபீஸ் கட்டிடம் வரட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? குன்றத்தூர்-திருமுடிவாக்கம் பக்கத்தில் ஐந்தாறு ஏக்கரை லாரிகளுக்கு ஒதுக்கினால் குடியா முழுகிவிடும்?

மாளிகை கேட்கவில்லை. கெட்டியான தரை. நல்ல வெளிச்சம். சுற்றிலும் வேலி, விசில் ஊத ஒரு காவலாளி. பத்துக் கழிப்பறை, பத்துக் குளியலறை. மின்விசிறியோடு ஐம்பது கட்டில். ஒரு டீக்கடை, ஒரு மெஸ், ஒரு பஞ்சர் கடை. அவ்வளவுதான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எந்த இடத்தில் வண்டிகள் நிற்கலாம் என்று உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்ய, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. முன்மாதிரியும் இருக்கிறது. வடக்கே மாதவரத்தில் சி.எம்.டி.ஏ. லாரி நிலையம் அமைத்தது. பஸ் பயணிகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்ட நிலையம் கட்டி 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. பஸ்சுக்குச் செய்தவர்கள் லாரிக்குச் செய்ய முடியாதா?

"இடம் கொடுத்தாலும் வாடகைக்குப் பயந்து ரோட்டில்தான் நிறுத்துவார்கள்" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். காசு கேட்டால் டிரைவர் தயங்குவார். பேட்டாவில்தானே கைவைக்க வேண்டும்? ஆகவே முதல் எட்டு மணி நேரம் இலவசம் என்று வையுங்கள். செலவை டீக்கடை, மெஸ், பங்க் வாடகையில் எடுங்கள். அதன் பிறகும் ஒருவர் மெயின் ரோட்டில் நிறுத்தினால் தயவு தாட்சணியம் வேண்டாம், அபராதம் போடுங்கள். அப்போது போடுகிற அபராதத்தில் நியாயம் இருக்கும். இப்போது நடப்பது என்ன? ரோந்து வண்டி வந்தால் லாரி ஒரு கிலோ மீட்டர் நகர்கிறது. ரோந்து போனதும் அங்கேயே படுக்கிறது. ஆபத்து இடம் மாறுகிறதே தவிர, குறையவில்லை.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் கட்டுவது சரியல்ல. சரக்கு யாருடையது? கம்பெனியுடையது. லாரி யாருக்காகக் காத்திருக்கிறது? கம்பெனிக்காக.

காம்பவுண்டுக்குள் இடம் இருக்கிற தொழிற்சாலைகள், இரவில் வரும் லாரியை உள்ளே விட்டால் என்ன? கேட் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். இடம் இல்லாத சின்னப் பட்டறைகள், "காலை ஏழு மணிக்கு மேல் வா" என்று புக்கிங் ஆபீசிலேயே நேரம் சொல்லி அனுப்பலாம். நேரம் தெரிந்தால் டிரைவர் உளுந்தூர்பேட்டையிலோ வாலாஜாவிலோ நிதானமாகத் தூங்கிவிட்டு வருவார். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்க அவருக்கென்ன வேண்டுதலா?

காக்க வைத்தால் ஹால்டிங் பணம் கொடுக்கிற பழக்கம் கண்டிப்பாக வர வேண்டும். காசு போகிறது என்றால் கிரேன் ஆள் தானாகச் சீக்கிரம் வருவார்!

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு

இது லாரிக்காரர் விஷயம், நமக்கென்ன என்று கடைக்காரரும் குமாஸ்தாவும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

பொங்கல், தீபாவளி வந்தால் பெருங்களத்தூர் தாண்டி வரிசை கட்டும் கார்களில் யார் இருக்கிறார்கள்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணி வரை ஆபீசில் கணக்கு எழுதி, மூட்டை முடிச்சோடு இரவு பத்து மணிக்கு நெல்லைக்குக் கிளம்பும் குடும்பத் தலைவர். கிளம்பும்போதே 17 மணி நேரம் ஆகிவிட்டது! திருச்சியை நெருங்கும்போது மணி மூன்று. பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகின்றன. பக்கத்தில் மனைவியும் தூங்குகிறார். விழித்திருக்க வேண்டிய ஒருவருக்கும் கண் சொக்குகிறது.

அவர் செய்ய வேண்டியது என்ன? முடிந்தால் இரவு தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவது. முடியாவிட்டால் சாயங்காலமே ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது. கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த ஐந்து கிலோ மீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லையென்றால், அடுத்த டோல்கேட்டிலோ பெட்ரோல் பங்கிலோ ஓட்டல் வாசலிலோ ஒதுங்கிவிடுவது. ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடினால், எழும்போது காபியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். எழுந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் பத்து நிமிடம் நடப்பது நல்லது. அதுவும் போதாவிட்டால் லாட்ஜில் ரூம் போடுவது. லாட்ஜ் வாடகை ஆஸ்பத்திரி பில்லைவிடக் குறைவு.

எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏ.சி. போட்டுத் தூங்குவது கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் தூங்கிய இருவர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்தோடு தூக்கமாக உயிரை எடுத்துவிடும். ஏ.சி. கேபினில் படுக்கும் லாரி டிரைவர்களும் இதை மறக்கக் கூடாது.

வண்டி பழுதாகி வழியில் நின்றே தீர வேண்டுமென்றால், நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைத்து, எல்லோரும் இறங்கி சாலையைத் தாண்டி வெளியே போய் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. நாட்றம்பள்ளி சொன்ன பாடம் அது. எச்சரிக்கைக்குக் கல்லையும் மரக்கிளையையும் போடும் பழக்கம் வேறு இருக்கிறது. வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார்.

முதலில் எது?

திருமுடிவாக்கத்தில் தயாராகும் உதிரிபாகம் எங்கெங்கோ ஓடும் கார்களில் இருக்கிறது. மளிகைக் கடை அரிசியும், குமாஸ்தா வீட்டு சமையல் எண்ணெயும் லாரியில்தான் வருகின்றன. அதை ஓட்டி வருகிறவர் கேட்பது ஆறு மணி நேரத் தூக்கமும், அதற்கு ஒரு வெளிச்சமான இடமும்தான்.

சாலைக்கு தார் எப்படி அவசியமோ, அப்படித்தான் தங்குமிடமும். ஆறு வழிப் பாதை போட்டுவிட்டு ஓய்விடம் போடாமல் விட்டால், அந்தச் சாலை பாதிதான் முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நெடுஞ்சாலைத் துறை, சி.எம்.டி.ஏ., சிட்கோ, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம், போலீஸ் ஆகிய ஐந்து தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒரே நாளில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது. அடுத்த பண்டிகைக் கூட்டம் வெளிவட்டச் சாலையில் ஏறுவதற்குள் தற்காலிகமாகவாவது ஒரு மைதானத்தைச் சமப்படுத்தி, நாலு விளக்கைப் போடட்டும். அதன் பிறகு ரோட்டோர லாரிக்கு எத்தனை ஆயிரம் அபராதம் போட்டாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

முதலில் இடம். பிறகு அபராதம். அதிகாரிகள் கவனிப்பார்களா?